தொலைமருத்துவப் பதிவுகள்: செயலிக்குள்ளேயா, தனி மென்பொருளிலா?

தொலைமருத்துவம் நடத்தும் சிறு மருத்துவமனைக்கு நோயாளர் பதிவுகளை வைக்க இரண்டு வழிகள் உண்டு. காணொளி ஆலோசனைச் செயலியோடு சேர்ந்தே வரும் பதிவேட்டைப் பயன்படுத்தலாம். அல்லது முழுமையான மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருளைத் தனியே வைத்துக்கொண்டு செயலியை அதனுடன் இணைக்கலாம். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். பிறருக்கும் அதையே சொல்வேன்.

செயலிக்குள் இருக்கும் பதிவேட்டைத் தொடங்குவது எளிது, பயிற்சியும் குறைவு. குறியாக்கமும், யார் எந்தப் பதிவைத் திறந்தார் என்ற தணிக்கைக் குறிப்பும் இரண்டிலுமே இருந்தாக வேண்டியவை என்பதால் அவற்றை வைத்து முடிவெடுக்க இயலாது.

முடிவைத் தீர்மானிப்பது, செயலியை மாற்றும் நாளில் பதிவுகள் எந்த வடிவில் நம் கைக்கு வரும் என்பதே. பிடிஎஃப் கோப்புகளாக வந்தால் மருத்துவர் படிக்கலாம், ஆனால் புதிய மென்பொருளுக்கு அவை வெறும் பக்கங்கள்தாம்: பெனிசிலின் ஒவ்வாமை என்று எங்கோ எழுதியிருந்தாலும், அதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலினை எழுதும்போது எச்சரிக்கை எழாது. நோயாளியை நேரில் காணாத மருத்துவருக்கு அந்த எச்சரிக்கை மிகவும் தேவை. மாறாக, மருத்துவத் தரவுப் பரிமாற்றத் தரங்களை வகுக்கும் எச்எல்7 அமைப்பு 2014-இல் முன்வரைவாக வெளியிட்ட எஃப்எச்ஐஆர் என்ற தரத்தில் ஒவ்வாமை, மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு ஒவ்வொன்றும் தனித்தனித் தரவாகச் செல்கின்றன. சர்க்கரை நோயாளியின் சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி முடிவை ஆய்வகங்கள் வெவ்வேறு பெயரில் எழுதினாலும், பரிசோதனைகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான லாயின்க்கின் 4548-4 என்ற குறியீடு உடன் இருந்தால் பல ஆண்டு அளவுகளும் ஒரே வரிசையில் சேரும்.

எனினும் ‘எஃப்எச்ஐஆர் உண்டு’ என்ற விற்பனையாளரின் சொல் மட்டும் போதாது. ஒப்பந்தத்துக்கு முன்பே ஒரு கற்பனை நோயாளியின் பதிவை ஏற்றுமதி செய்து, வேறொரு மென்பொருளில் இறக்கிப் பார்க்க வேண்டும். ஸ்கேன் படங்கள் மருத்துவப் படங்களுக்கான பொதுத் தரமான டைகாம் வடிவில் வருமா, நோயாளியின் ஒப்புதலும் உரையாடல் செய்திகளும் சேர்ந்து வருமா என்று தனியே கேட்பது நல்லது.

தனி மென்பொருளில் உழைப்பு கூடுதல். முன்பதிவில் உள்ளவரும் பதிவேட்டில் உள்ளவரும் ஒருவரே என்பதை அடையாள எண்ணால் உறுதிசெய்யாவிட்டால் ஒருவருக்கே இரண்டு பதிவுகள் உருவாகிவிடும். ஓப்பன்இஎம்ஆர் போன்ற திறந்தமூல மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் இல்லை என்றாலும் சேவையகம், காப்புநகல், பதிப்பு மேம்படுத்தல் அனைத்தும் நம் பொறுப்பே.

எங்கள் அனுபவம் சிறு மருத்துவமனை அளவிலானது. பல கிளைகள் கொண்ட பெரிய மருத்துவமனைக்கு இதை அப்படியே பொருத்தமாட்டேன். மனநல ஆலோசனை மட்டும் வழங்கும் ஒருவருக்குச் செயலிக்குள் இருக்கும் பதிவேடே போதுமானதாக இருக்கலாம். அவரும் ஏற்றுமதி வசதியைச் சோதித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.