ஐந்தாம் நாளில் ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை: சேலத்தில் நான் ஏமாந்தது

சேலத்தில் இருக்கிறவர்களுக்கும், வேலைக்காக வந்து போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். என் பெயரைப் போடவில்லை. காரணம் படித்தால் புரியும். என் கையை விட்டுப் போனது 14,300 ரூபாய். அதைவிடப் பெரிது, ஏறக்குறைய மூன்று மாதத் தூக்கம்.

போன வருடம் ஏற்காட்டில் ஒரு இரவு. அந்த விவரம் இங்கே தேவையில்லை. ஆணுறை அணிந்திருந்தேன். ஆனாலும் மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது. ஹெர்பிஸ் என்ற, கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் நோய் தோலோடு தோல் உரசினாலே பரவும், ஆணுறை ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுக்கத் தடுக்காது என்று போனில் படித்தேன். இருபது கொண்டை ஊசி வளைவும் முடிந்து அடிவாரம் வருவதற்குள் எனக்கு அந்த நோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

அன்று முதல் தினமும் இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, குளியலறையில் போன் டார்ச்சை வைத்துக்கொண்டு உடம்பைப் பார்ப்பேன். ஒரு மயிர்க்கால் சிவந்திருந்தால் போதும், விடியும்வரை கண் மூடாது.

ஐந்தாம் நாள் புதிய பேருந்து நிலையம் பக்கம் ஒரு லேபுக்குப் போனேன். டாக்டர் சீட்டு இருக்கிறதா, எத்தனை நாள் ஆயிற்று, புண் ஏதாவது இருக்கிறதா, எதையும் கேட்கவில்லை. ஒரு பேக்கேஜ் சொன்னார்கள், 3,800 ரூபாய். மறுநாள் மாலை ரிப்போர்ட் வந்தது. ‘ஹெச்.எஸ்.வி. 1 மற்றும் 2, ஐஜிஎம்: பாசிட்டிவ்’. ஹெச்.எஸ்.வி. என்றால் ஹெர்பிஸ் வைரஸ். அதன் இரண்டு வகைக்கும் சேர்த்து ஒரே வரி. அந்த வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

கவுன்ட்டரில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி, “இதுக்கு ஆஸ்பத்திரியில வைத்தியம் கிடையாதுங்க தம்பி. நமக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்காரு, மாசம் ரெண்டு நாள் இங்க லாட்ஜுக்கு வருவாரு” என்றார். பக்கத்திலேயே ஒரு லாட்ஜின் பெயரையும் தேதியையும் ரிப்போர்ட் உறையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

லாட்ஜின் இரண்டாவது மாடி வராண்டாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள், ஒருவரும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பையன் கடைசிவரை ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே இருந்தவர் நாடி பிடித்தார், ரிப்போர்ட்டைப் பார்த்தார். “ரத்தத்துல கலந்துருச்சு. விட்டா ஆண்மை போயிரும், குழந்தை தங்காது. 48 நாள்ல வேரோட எடுத்துரலாம்” என்றார். 10,500 ரூபாய். லேபிள் இல்லாத டப்பாவில் லேகியம், ஒரு பொட்டலம் சூரணம். பில் கேட்டதற்கு, “மருந்துக்கு ஏது தம்பி பில்லு” என்றார்.

அப்புறம் வந்த நாட்கள்தான் கொடுமை. எனக்கென்று தனி டம்ளர், தனித் துண்டு எடுத்து வைத்துக்கொண்டேன். அக்கா குழந்தை ஓடி வந்தால் விலகிப் போனேன். அம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாதகம் வந்த ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தேன். “என்னடா சாமி, உடம்புக்கு என்ன?” என்று அவர் கேட்கும்போது தொண்டையை அடைக்கும்.

லேகியம் சாப்பிட்டு மூன்று வாரத்தில் வயிற்றைப் புரட்டிப் போட்டது. கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மறுநாள் காலை ஜி.ஹெச்.சுக்கு, அதாவது மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கு, அவரே கூட்டிப்போனார். ஓ.பி. சீட்டு போட்டு, பால்வினை நோய்ப் பிரிவில் உட்கார்ந்தோம்.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, “எத்தனாவது நாள் ரத்தம் கொடுத்தீங்க?” ஐந்தாம் நாள் என்றதும் ரிப்போர்ட்டை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன். ஐஜிஎம் என்பது தொற்று வந்த புதிதில் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள். அதைப் பார்க்கும் பரிசோதனை ஹெர்பிஸுக்கு நம்பத் தகுந்ததே அல்ல. பெரும்பாலும் வாயில் வரும் முதல் வகையா, பெரும்பாலும் உடலுறவால் வரும் இரண்டாம் வகையா என்று அது பிரித்துச் சொல்லாது. சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்கும் வைரஸ் இதே குடும்பம்தான். அதைப் பார்த்துக்கூட அந்த டெஸ்ட் குழம்பும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டியும் ஐஜிஎம் வேண்டாம் என்றே சொல்கிறது. தொற்று வந்தாலும் பலருக்குக் கொப்புளமே தெரியாது. வருவதாக இருந்தால் பெரும்பாலும் 2 முதல் 12 நாளுக்குள் வரும். கொப்புளம் வந்தால் உடனே அதிலிருந்தே பஞ்சுக் குச்சியில் எடுத்து, வைரஸையே தேடும் பிசிஆர் பரிசோதனை பார்ப்பதுதான் சரியான வழி. ஒன்றும் வராவிட்டாலும் சந்தேகம் தீர வேண்டுமென்றால், வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜி (பிறகு உண்டாகி ரத்தத்தில் நிலைக்கும் எதிர்ப்பொருள்) பரிசோதனை, அதுவும் 12 வாரம் கழித்து. அதிலும் ரிப்போர்ட்டில் அளவு 1.1 முதல் 3 வரை வந்தால் பொய்யான பாசிட்டிவாக இருக்கலாம், இன்னொரு முறையில் உறுதிப்படுத்த வேண்டும்.

முதல் வகை வைரஸ் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 64 சதவீதம் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. காய்ச்சலோடு உதட்டோரம் வருமே அந்தக் கொப்புளம், அது இதுதான். பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றிவிடுகிறது. தனி டம்ளர் வைத்திருந்ததைச் சொன்னபோது டாக்டரம்மா, “டம்ளரால, துண்டால இது பரவாது தம்பி. குழந்தையத் தூக்கிக் கொஞ்சுங்க” என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

உடம்பிலிருந்து இந்த வைரஸை அடியோடு எடுக்கும் மருந்து உலகத்தில் இன்னும் கிடையாது. எடுக்கிறேன் என்று யார் சொன்னாலும் அது பொய். ஆனால் கொப்புளத்தைச் சீக்கிரம் ஆற்றவும் அடிக்கடி வராமல் தடுக்கவும் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாத்திரைகள் இருக்கின்றன. ‘ஆஸ்பத்திரியில வைத்தியம் கிடையாது’ என்று அந்த லேப்காரர் சொன்னதும் பொய்தான்.

அங்கேயே நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசமாகச் செய்தார்கள். ஒன்றை மறக்காதீர்கள்: எச்.ஐ.வி. பயம் இருந்தால், உறவு கொண்ட 72 மணி நேரத்துக்குள் போனால்தான் தடுப்பு மாத்திரை தர முடியும். நான் அந்த நேரத்தை டார்ச் அடித்தே கழித்துவிட்டேன்.

ஐஜிஜி எடுக்க மீதி வாரங்கள் காத்திருந்ததும் சுலபமாக இல்லை. எனக்கு இருந்ததுபோல் கால் மரத்துப்போவதும் ஊசி குத்துவதுபோல் இருப்பதும் பதற்றத்தாலும் வரலாம் என்று நம்பிக்கை மைய ஆலோசகர் சொன்னது பெரிய ஆறுதல். இரவு ஒன்பது மணிக்கு மேல் போனை அம்மாவின் அறையில் சார்ஜில் போட்டேன். தாங்க முடியாத ஒரு இரவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசினேன், தமிழிலேயே பேசினார்கள். பால்வினை நோய், எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097 இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

பதின்மூன்றாவது வாரம் ஐஜிஜி எடுத்தேன். இரண்டாம் வகை நெகட்டிவ். முதல் வகை பாசிட்டிவ். எனக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தாலே உதட்டில் கொப்புளம் வரும் என்று அம்மா அடிக்கடி சொல்லியிருக்கிறார்.

பால்வினை நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்து, மந்திரத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் அந்த வைத்தியரின் சுவரொட்டியை நேற்றும் பஸ் ஸ்டாண்டு சுவரில் பார்த்தேன். அடுத்த வாரம் இரண்டு நாள், அதே லாட்ஜ். அங்கே போகலாம் என்று நினைத்திருந்தால், அதே நாள் காலையில் ஜி.ஹெச். ஓ.பி. வரிசைக்கு வாருங்கள். தனியாக வரத் தயக்கமாக இருந்தால், திட்டாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.