முன் பிரேக் ஜாம்: கோளாறு மேலேயா, கீழேயா?

காலையில் கிளம்பும்போது பைக் நன்றாகத்தான் உருளும். இருபது நிமிடம் ஓடியதும் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். பிரேக் லீவர் கல் போல இறுகியிருக்கும், முன் சக்கரம் நகர மறுக்கும். ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது குறையே இருக்காது. மெக்கானிக், சக்கரத்து டிஸ்க்கைப் பேட்களால் இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரைக் கழற்றி, பேட்டைத் தள்ளும் பிஸ்டனைத் துடைத்து, புது பேட் போட்டு அனுப்புவார். இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதை.

என் பைக்கில் இது மூன்று முறை நடந்தது. இரண்டு முறை காலிப்பரைக் கழுவினார்கள், ஒரு முறை பேட் மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால் காலிப்பரில் ஒன்றுமே இல்லை. பாவம், அது சேறும் பேட் தூசியும் அப்பிக்கொண்டு கீழே கிடப்பதால் எப்போதும் முதலில் மாட்டிக்கொள்கிறது. ஹேண்டில்பாரில் சுத்தமாக உட்கார்ந்து, லீவரை அழுத்தும்போது பிரேக் ஆயிலைக் கீழே தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சந்தேகிக்க வேண்டியவை மூன்று: மேலே மாஸ்டர் சிலிண்டர், நடுவில் ஹோஸ், கீழே காலிப்பர். மூன்றும் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். ஆனால் பிடிக்கும் விதம் ஒன்றல்ல.

காலிப்பர் பிசகினால் சூடு, குளிர் என்ற பேதம் இருக்காது. வண்டியை ஸ்டாண்டில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால், ஆறிய நிலையிலும் உரசும். லீவர் கைக்கு வழக்கம்போலவே இருக்கும். ஒரு பேட் தேய்ந்து மற்றது புதிதாக இருந்தால் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது, அல்லது ஒரு பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோளாறு நாளுக்கு நாள் மெல்ல வளரும்.

மாஸ்டர் சிலிண்டர் பிசகினால் அடையாளமே வேறு. ஆறியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. சூடு ஏற ஏற லீவரின் விளையாட்டு, அதாவது பிரேக் பிடிக்குமுன் அது சும்மா நகரும் தூரம், குறைந்துகொண்டே வந்து கடைசியில் துளியும் இருக்காது. ஆறினால் தானாக விட்டுவிடும்.

ஹோஸ் கோளாறு அபூர்வம், பழைய ரப்பர் ஹோஸ்களில்தான் வரும். உள்சுவர் உரிந்து கதவு போலத் தொங்கும். லீவரை அழுத்தும் வேகத்தில் ஆயில் கீழே போய்விடும், திரும்பி வரத்தான் வழி கிடைக்காது. பிரேக்கை விட்ட பிறகும் சில நொடிகள் பிடித்திருந்து மெதுவாக விடுவது இதன் குணம்.

அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு கட்டினால் பாதி நேரம் ஏமாந்துபோவோம். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் பிரேக் பிடித்திருக்கும்போதே சோதிக்க வேண்டும், ஆறிவிட்டால் தடயம் போய்விடும். வண்டி அசையாமல் ஸ்டாண்டில் நிற்கட்டும். முதலில் லீவரின் பிவட் போல்ட்டைக் கழற்றி லீவரை எடுத்துவிடுங்கள். சக்கரம் விட்டுவிட்டால் குற்றம் லீவருடையது, ஒரு சொட்டு ஆயில் சிந்தாமல் விஷயம் முடிந்தது. விடவில்லையா? மாஸ்டர் சிலிண்டரில் ஹோஸைப் பிடித்திருக்கும் பேஞ்சோ போல்ட்டைச் சுற்றித் துணியைச் சுற்றிக்கொண்டு கொஞ்சமாகத் தளர்த்துங்கள். அழுத்தம் வெளியேறிச் சக்கரம் சுற்றினால் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில். அப்போதும் சுற்றவில்லை என்றால் போல்ட்டை இறுக்கிவிட்டு, காலிப்பரில் ஏர் எடுக்கிற, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற, நிப்பிளைத் திறக்க வேண்டும். இப்போது விட்டால் ஹோஸ். இதற்கும் மசியவில்லை என்றால்தான் காலிப்பர்.

மேலிருந்து கீழே என்ற இந்த வரிசையை மாற்றக் கூடாது. நேராக நிப்பிளைத் திறந்தால் லீவர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ் இவற்றில் எதனால் அழுத்தம் தேங்கியிருந்தாலும் வெளியே போய்விடும், அப்புறம் மேலே பார்க்க ஒன்றும் மிஞ்சாது. பிரேக் ஆயில் பெயின்டை அரிக்கும் என்பதால் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். சோதனை முடிந்ததும் பேஞ்சோ போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு, ஏர் எடுத்து, லீவர் கெட்டியாகிவிட்டதா என்று பார்க்காமல் வண்டியை நகர்த்த வேண்டாம்.

என் வண்டி முதல் படியிலேயே விட்டுவிட்டது. ஆசைப்பட்டு மாட்டிய அட்ஜஸ்ட் லீவர், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை எந்நேரமும் ஒரு மயிரிழை உள்ளே தள்ளி வைத்திருந்தது. மயிரிழைதானே என்று நினைக்கக் கூடாது. ஆயில் தொட்டிக்கு அடியில் இரண்டு துளைகள் உண்டு. அதில் ஒன்று ஊசிமுனை அளவுதான். பிஸ்டன் முழுதாகப் பின்னால் வந்தால்தான் அது திறக்கும். பேட் உரசிச் சூடாகும்போது விரிகிற ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்ப முடியும். வழி அடைபட்டால் விரிந்த ஆயில் பேட்டைத் தள்ளும், தள்ளினால் உரசும், உரசினால் இன்னும் சூடாகும். பழைய ஆயிலின் கசடு அந்தத் துளையில் உட்கார்ந்தாலும் இதேதான். தொட்டியை விளிம்பு வரை நிரப்பி வைத்தாலும் விரிவதற்கு இடமில்லாமல் போகும். தேய்ந்த பேட்டுடன் ஆயில் ஊற்றி மட்டம் கட்டியவர்கள், புது பேட் போட்டதும் ஆயில் மட்டம் ஏறி இந்த வம்பில் மாட்டுவார்கள்.

துளை திறந்திருக்கிறதா என்று பார்க்கத் தொட்டியின் மூடியைக் கழற்றி லீவரை மிக லேசாகத் தொட்டு அழுத்தினால் போதும். ஆயிலின் மேல் சின்னக் கொப்புளிப்பு தெரிய வேண்டும். முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், சில சமயம் பீய்ச்சும்.

உண்மையிலேயே காலிப்பர்தான் என்றாலும், கழுவியபின் மறுபடி ஏன் வருகிறது? பிஸ்டனைத் துடைத்தவர்கள் அதைச் சுற்றியிருக்கும் சீலின் பள்ளத்தைச் சுரண்டவில்லை. பிரேக்கை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுப்பது ஸ்பிரிங் அல்ல, சதுர வெட்டுள்ள அந்த ரப்பர் சீல்தான். அழுத்தும்போது முறுக்கி, விட்டதும் நிமிரும். பள்ளத்துக்குள் அலுமினிய உப்பு படிந்தால் சீல் பிஸ்டனை நெரிக்கும், நிமிர இடமிருக்காது. பிஸ்டன் பளபளவென்று இருக்கும், பிடிப்பு மட்டும் போகாது. இன்னொரு காரணம் பெட்ரோல், டீசலில் கழுவுவது. ரப்பர் ஊதி, கொஞ்ச நாளில் இறுகிவிடும். சீல் இருக்கும் இடத்தைப் பிரேக் ஆயிலால்தான் கழுவ வேண்டும். ஸ்லைடு பின்னுக்கும் சாதாரண கிரீஸ் ஆகாது, சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும்.

சரி, சீல் கிட் போதுமா, முழு அசெம்பிளியே மாற்ற வேண்டுமா? இங்கே மேலுக்கும் கீழுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். மாஸ்டர் சிலிண்டரில் சீல் பிஸ்டனோடு சேர்ந்து நகர்ந்து சிலிண்டர் சுவரில் உரசுகிறது. சுவரில் நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் கிட் போடுவது காசுக்குக் கேடு, அசெம்பிளியாக மாற்றுவதே சரி. காலிப்பரில் சீல் பள்ளத்திலேயே நிற்கும், பிஸ்டன்தான் நகரும். அதனால் சுவரில் லேசான கீறல் இருந்தால் பரவாயில்லை, பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தால் பிஸ்டனை மாற்றியே ஆக வேண்டும். என் அனுபவத்தில் காலிப்பருக்குக் கிட் பெரும்பாலும் போதும், வயதான மாஸ்டர் சிலிண்டருக்கு அந்த நம்பிக்கை எனக்கு இல்லை.

இதற்கு நேரெதிர் தொல்லை, லீவர் திரும்பத் திரும்ப பஞ்சாகிவிடுவது. இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் கெட்டியாகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே ஏர். அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் வைத்திருந்தால் லீவர் மெல்ல ஹேண்டிலை நோக்கி இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டர் சீல் உள்ளுக்குள்ளேயே ஆயிலை விட்டுக்கொடுக்கிறது. இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடானால் மட்டும் பஞ்சாகிறதா? ஆயில் ஈரம் உறிஞ்சிவிட்டது. டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு ஏர் எடுத்தாலும் போகவில்லை என்று புலம்புபவர்கள் கீழே மட்டும் எடுத்திருப்பார்கள். குமிழி மேலே பேஞ்சோ போல்ட் பக்கத்தில் ஒளிந்திருக்கும். லீவரை அழுத்தி ரப்பர் பேண்டால் கட்டி இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் அவிழ்த்து மெதுவாக நாலைந்து முறை அழுத்தினால் தானாகத் தொட்டிக்கு ஏறிவிடுவதுண்டு. இன்னொரு வழி, சிரிஞ்சால் கீழிருந்து மேலே ஆயிலைத் தள்ளுவது. ஏர் போகும் திசையிலேயே தள்ளுவதால் வேலை சுலபம். ஆனால் காலிப்பரில் தேங்கிய கசடும் அதோடு மேலேறி அந்த ஊசித் துளையில் உட்காரலாம். முதலில் வழக்கம்போல மேலிருந்து கீழே பழைய ஆயிலை வெளியேற்றிவிட்டு, அப்புறம் சிரிஞ்சை எடுப்பதுதான் என் வழக்கம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் இந்த வித்தையெல்லாம் வேண்டாம். அதன் யூனிட்டுக்குள் ஏர் புகுந்தால் சில மாடல்களில் ஸ்கேனர் இல்லாமல் எடுக்க முடியாது.

லீவர் துடிப்பது தனிக் கதை. டிஸ்க்கின் கோணல் பல பைக்குகளில் 0.3 மில்லிமீட்டர் வரைதான் அனுமதி, டயல் கேஜ் வைத்தால் தெரிந்துவிடும். ஆனால் டிஸ்க் வாங்குமுன், ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கான கோன்செட் லூஸா என்று ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள், அதுவும் பிரேக் பிடிக்கும்போது துடிப்பது போலவே காட்டும்.

வேலை முடிந்து வண்டியை எடுத்தால், முன் பிரேக்கை அதிகம் தொடாமல் இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். டிஸ்க்கில் விரல் வைத்துப் பார்க்க வேண்டாம், நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும். சுர்ரென்று ஆவியானால் ஸ்பேனரை மறுபடி எடுக்க வேண்டியதுதான், இந்த முறை லீவரிலிருந்து தொடங்கி.