படத்தில் ஒரு படகு, துறையில் வேறொரு படகு

விடுமுறைக் காலத்தில் சொகுசுப் படகு விருந்துக்கு டிக்கெட் எடுக்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன டிசம்பர் கடைசி வாரம் நாங்கள் ஆறு பேர் போனோம். அம்மா, அக்கா, அத்தான், அக்காவின் இரண்டு பிள்ளைகள், நான். கூட்டிக்கொண்டு போனது நான் என்பதால் அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

விளம்பரப் படத்தில் வெள்ளை வெளேரென்று மூன்று தள யாட். நான்கு மணி நேரம், ஆளுக்கொரு இருக்கை, சாப்பாடும் பானமும் டிக்கெட்டில் அடக்கம், தண்ணீரில் இருந்தபடி நகரத்து விளக்குகளைப் பார்க்கலாம் என்று போட்டிருந்தார்கள். படகுத்துறையில் நின்றதோ இரண்டு தளப் படகு. பெயரே வேறு. வாயிலில் நின்றவரிடம் கேட்டேன். "அது சர்வீஸுக்குப் போயிருக்கு சார், இதுவும் அதே மாதிரிதான்" என்றார். வீட்டுக்கு வந்து விதிமுறைகளைத் தேடிப் படித்தபோது, "குறிப்பிட்ட படகு அல்லது அதற்கு இணையானது" என்று பொடி எழுத்தில் ஒரு வரி கிடந்தது. அதைப் பணம் கட்டும் முன் படித்திருக்க வேண்டும்.

நேரக் கணக்கிலும் ஏமாற்றம். ஏழு மணிக்கு எங்களை ஏற்றினார்கள். கயிற்றை அவிழ்த்தபோது எட்டேகால். பத்தேகாலுக்கெல்லாம் படகு மறுபடி துறைக்கு வந்துவிட்டது. பதினொரு மணி வரை கட்டிப்போட்ட படகில் பாட்டு மட்டும் ஓடியது. நான்கு மணி நேரம் என்று அவர்கள் சொன்னதில் படகு தண்ணீரில் நகர்ந்தது இரண்டு மணி நேரம். பானம் ஆளுக்கு இரண்டு கூப்பன். சாப்பாட்டு வரிசையில் எங்கள் முறை வந்தபோது பாத்திரங்களின் அடிதான் மிச்சம். அதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொள்வேன்.

பொறுக்க முடியாதது வேறு. எங்களுக்கு மேசையும் இல்லை, இருக்கையும் இல்லை. அம்மாவால் நிற்க முடியாததால் எங்கேயோ தேடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து பின்தளத்தில் போட்டோம். இன்ஜின் புகை வெளியே வருவது அதற்கு நேர் கீழே. அரை மணி நேரத்தில் அம்மாவுக்குத் தலைவலி, பிறகு குமட்டல். ஊழியர் ஒருவர், "தண்ணியில போறது ஒத்துக்கலை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்காதான் பிடிவாதமாக அம்மாவை முன்பக்கம் காற்று வரும் இடத்துக்கு அழைத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் அம்மா தெளிந்துவிட்டார். படகு மெதுவாகப் போகும்போதும் துறையில் நிற்கும்போதும் புகை பின்தளத்தில்தான் தேங்கும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று அதன் அறிகுறிகளும் கடல் மயக்கம் போலவேதான் இருக்கும். அதனால், படகில் யாருக்காவது தலை வலித்தால் மாத்திரையைத் தேடும் முன் அவர்களை முதலில் திறந்தவெளிக் காற்றுக்குக் கொண்டுபோங்கள்.

ஏறும்போது யாரும் தலை எண்ணவில்லை. லைஃப் ஜாக்கெட் எங்கே என்று சொல்லவும் ஆளில்லை. நானே தேடிப் போய்ப் பார்த்தேன். ஒரு நீளமான பெட்டி, பூட்டு தொங்கியது, அதன் மேல் டிஜேயின் ஸ்பீக்கர். பிள்ளைகள் அளவில் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை. பெரியவர்கள் ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் அது தலைக்கு மேலே உருவிக்கொண்டு போய்விடும்.

திரும்பி வரும் வழியில் விளக்குகள் நன்றாகத் தெரிகிற இடம் வந்தது. மேல்தளத்தில் இருந்த மொத்தக் கூட்டமும் படம் எடுக்க ஒரே பக்கம் போய் நின்றது. படகு சாய்வது காலுக்குத் தெரிந்தது. மேசை மேல் இருந்த பாட்டில்கள் சரிந்து விழுந்தன. சிலர் கைதட்டினார்கள். எனக்குத் தேக்கடிதான் நினைவுக்கு வந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே கவிழ்ந்ததும் இரண்டு தளப் படகுதான். 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரு பக்கமாக நகர்ந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். மேலே ஆள் கூடக் கூடப் படகின் எடை மையம் உயர்ந்துவிடும். பிறகு சாய்ந்த படகு நிமிர்வது கடினம். இது தெரிந்த ஒரு மாலுமி மைக்கில் "பிரிந்து நில்லுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்று மைக் முழுக்க டிஜே கையில் இருந்தது. பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு நான் கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். நான் போட்ட விமர்சனத்தை நீக்கினால் அடுத்த பயணத்தில் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது. நான் நீக்கவில்லை. எனக்கும் அம்மாவுக்கும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் வங்கியில் சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பப் பெறுவது, கேட்டேன். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், துறையில் நின்ற படகின் பெயர்ப்பலகை, புறப்பட்ட நேரம் தெரியும் படங்கள், அவர்கள் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் கொடுத்தேன். பல வாரம் இழுத்து அந்தப் பணம் வந்தது. அத்தான் தன் குடும்பத்துக்கான பணத்தை நேராகப் படகுக்காரர்கள் கணக்குக்கே அனுப்பியிருந்தார். அது போனது போனதுதான். சார்ஜ்பேக்குக்குக் காலக்கெடு உண்டு, ஆறப்போடாதீர்கள்.

முன்பதிவுக்கு முன் படகின் பெயர், பதிவு எண், எத்தனை பயணிகளுக்கு உரிமம், கயிறு அவிழ்க்கும் நேரம், கரை சேரும் நேரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். போன வாரம் அதே விளம்பரம் அதே மூன்று தளப் படத்தோடு மறுபடி கண்ணில் பட்டது. புது ஆள் போலப் போன் செய்து, எந்தப் படகு என்று கேட்டேன்.

"ஏறும்போது தெரிஞ்சுக்கலாம் சார்" என்றார்கள்.