பரணில் இன்சுலேஷனும் பலகைத் தளமும்: ஓதத்தோடு என் அனுபவம்

சென்ற மாதம் எங்கள் குளியலறையின் ஈரக் காற்றை வெளியே தள்ளும் விசிறியான காற்றுப்போக்கி பழுதாகிவிட்டதால், அதன் குழாயைப் பார்ப்பதற்காக, ஓட்டுக் கூரைக்கும் மாடி அறைகளின் உட்கூரைக்கும் இடையிலுள்ள பரணில் போட்டிருந்த பலகைகள் சிலவற்றைக் கழற்ற வேண்டியதாயிற்று. வடமேற்கு லண்டனில், 1930களில் கட்டப்பட்ட வீடு இது. பரணுக்கு, சூடு வெளியேறாமல் தடுக்கும் இன்சுலேஷன் போட்டு, அதன்மேல் பலகைத் தளம் அமைத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்துத் தெருவில் வீடு வாங்கியிருக்கும் நண்பர் தாமும் அவ்வாறு செய்யலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பலகைக்கு அடியில் கண்டதை வைத்து அவருக்கும் மற்றவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

இங்கே கண்ணாடிப் பஞ்சு 270 மி.மீ. கனத்துக்குப் போடவேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. பழைய வீடுகளின் உத்தரக் கட்டைகளோ பெரும்பாலும் 100 மி.மீ. உயரந்தான். கட்டைமேல் நேராகப் பலகையை அடித்தால் பஞ்சு நசுங்கிவிடும். பஞ்சுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது என்பதால், நசுங்கிய பஞ்சுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி வீண். ஆகவே கட்டைகளின்மேல் பிளாஸ்டிக் கால்களை நிறுத்தி, அவற்றின்மேல் 18 மி.மீ. சிப்போர்டு பலகைகளைத் திருகினோம். கால் வாங்கும்போது கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்: கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 175 மி.மீ. காலை 100 மி.மீ. கட்டையின்மேல் வைத்தால், 270 மி.மீ. பஞ்சுக்கும் பலகைக்கும் இடையே 5 மி.மீ. மட்டுமே மிஞ்சும். அங்கே காற்று ஓடாது. 50 மி.மீ. இடைவெளியாவது வேண்டும் என்பதால் உயரமான கால்களைக் கேட்டு வாங்கினோம், நின்றால் தலை இடிக்கும் என்று தெரிந்தே. அந்தக் கால்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இதுவரை ஒன்றும் அசையவில்லை. கழற்றிய பலகைகளில் பெரும்பாலானவற்றின் அடிப்பக்கம் புதிதாக வாங்கியதுபோலவே உலர்ந்து, அச்சிட்ட எழுத்துகள்கூட மங்காமல் இருந்தன. மாடி அறைகளில் ஹீட்டர் அணைந்த பிறகும் இரவில் வெகுநேரம் சூடு தங்குகிறது.

என் ஆற்றாமையெல்லாம் ஓதம், அதாவது தங்கிவிடும் ஈரம், பற்றித்தான். உட்கூரையின்மேல் பஞ்சு போட்டதும் வீடு சூடாகிறது. ஆனால் பரண் முன்பைவிடக் குளிர்ந்துபோகிறது. நம் வீடுகளில் குளிர்காலத்தில் சன்னல்களை அடைத்துவைத்துக்கொண்டு சோறு வடிக்கிறோம், இட்லி அவிக்கிறோம், துணிகளை ரேடியேட்டர்மேல் காயப்போடுகிறோம். அந்த ஈரக் காற்று பரண் கதவின் இடுக்கு, விளக்குகளுக்கு வெட்டிய ஓட்டை, குழாய் ஏறும் சந்து என்று கிடைத்த வழியில் எல்லாம் மேலே ஏறி, ஓட்டுக்கு அடியிலிருக்கும் குளிர்ந்த தார்த் தாளில் பட்டு நீராகிறது. முதலில் காட்டிக்கொடுப்பவை ஆணிகள். முதல் குளிர்காலத்தின் உறைபனிக் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கைமரங்களுக்கிடையே நீட்டிக்கொண்டிருந்த ஆணிமுனை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நின்றது. சொட்டு விழுந்த இடங்களில் புதுப் பலகையின்மேல் துருநிற வட்டங்கள்.

காரணம் எளிது. பஞ்சு போட வந்தவர்கள் கூரை விளிம்புவரை அதைத் திணித்து, வெளிக்காற்று நுழையும் வழியை அடைத்துவிட்டிருந்தார்கள். 15 பாகைக்கு மேல் சரிவுள்ள இத்தகைய கூரைக்கு, விளிம்பு நெடுகிலும் குறைந்தது 10 மி.மீ. திறப்புக்குச் சமமான காற்றுவழி வேண்டும் என்பது பிரிட்டனில் நெடுங்காலமாக உள்ள விதி. பஞ்சின் கனத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து காட்டியவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலையில் அவர்கள் சோம்பவில்லை, தரையைத் துப்புரவாகப் பெருக்கிவிட்டுத்தான் போனார்கள். ஆனாலும் இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு நாங்களே பஞ்சைப் பின்னுக்கு இழுத்து, கைமரங்களுக்கிடையே பிளாஸ்டிக் தட்டுகளைச் செருகி வழி திறந்தோம். பரண் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, அதன் முதுகிலும் இன்சுலேஷன் வைத்தோம். அடுத்த குளிர்காலத்தில் ஆணிகள் காய்ந்தே இருந்தன. இந்த இரண்டு வேலைகளுக்கும் ஆன செலவு, பஞ்சுக்கும் பலகைக்கும் ஆனதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

தண்ணீர்த் தொட்டி பரணில் இருந்தால் அதன் அடியில் பஞ்சு போடக்கூடாது. கீழிருந்து ஏறும் சூடுதான் அது உறையாமல் காக்கும். மின்கம்பிகளை, முக்கியமாக ஷவருக்குப் போகும் கம்பியை, பஞ்சுக்குள் புதைக்கக்கூடாது.

இனி, சென்ற மாதம் கண்டது. காற்றுப்போக்கியின் குழாய் கூரை ஓட்டிலுள்ள வாயிலிருந்து எப்போதோ நழுவியிருக்கிறது. குளியலறையின் ஆவி முழுவதும் வெளியே போகாமல் பலகைக்கு அடியிலேயே கொட்டியிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் பஞ்சு கனத்துப் படிந்து கிடந்தது. மேலிருந்த இரண்டு பலகைகளின் விளிம்பு, பாலில் ஊறிய ரஸ்க் போல உப்பி, நகம் பட்டாலே உதிர்ந்தது. பக்கத்துக் கட்டையில் கருப்பாகப் பூஞ்சை. இது எத்தனை மாதமாக நடந்தது என்று அறிய வழியில்லை. பரணுக்குப் போகும்போதெல்லாம் அதன்மேல்தான் நடந்திருக்கிறோம்; அங்கே கொலுப் பொம்மைப் பெட்டிதான் இருந்தது. பலகை இல்லாதிருந்தால் ஒருமுறை எட்டிப் பார்த்த உடனேயே கண்ணில் பட்டிருக்கும்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பஞ்சைத் தயங்காமல் போடுங்கள், பலகை வேண்டாம். இவ்வளவு நன்றாக உழைத்த ஒன்றை வேண்டாம் என்பது நியாயமில்லை என்று நீங்கள் சொல்லலாம். இன்றைய மனநிலையில் என் தீர்ப்பு இதுதான். போட்டே தீரவேண்டும் என்றால் பரணின் நடுப்பகுதியில் மட்டும் போடுங்கள். குழாயும் கம்பி இணைப்பும் உள்ள இடங்களைத் திறந்தே விடுங்கள். காற்றுப்போக்கியின் குழாயை இரு முனையிலும் உலோகப் பட்டையால் இறுக்கிய பிறகே முதல் திருகைப் போடுங்கள்.