கூலி ஒப்பந்தமா, சதுர அடிக் கணக்கா, கம்பெனியா? வீட்டை யாரிடம் கொடுப்பது

வீடு கட்டத் தீர்மானித்தவர் கையில் பெரும்பாலும் மூன்று கணக்குகள் இருக்கும். மேஸ்திரி வாயால் சொன்னது ஒன்று, கான்ட்ராக்டர் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தது இன்னொன்று, கட்டுமானக் கம்பெனி அச்சடித்து நீட்டியது மூன்றாவது. மூன்றிலும் கடைசி வரித் தொகையைப் பார்த்துவிட்டு, எது குறைவு என்று யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தத் தொகைக்கு முன்னால் பார்க்க வேண்டியது, வேலை எடுப்பவருக்கு லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை. அது தெரிந்தால், எந்த இடத்தில் நாம் விழித்திருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கூலி ஒப்பந்தத்தில் பொருள் எல்லாம் நம்முடையது, மேஸ்திரிக்கு மொத்தமாகப் பேசிய கூலி மட்டும். சிமெண்டைக் குறைத்துப் போட அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. இதுதான் இந்த முறையின் பெரிய பலம். ஆனால் அவருடைய லாபம் நாட்களில் இருக்கிறது. பத்து நாள் வேலை ஏழு நாளில் முடிந்தால் மூன்று நாள் கூலி அவருக்கு மிச்சம்.

எங்கள் வீட்டை இப்படித்தான் கட்டினோம். தளம் போட்ட அன்று கலவை மிஷின் பக்கத்திலேயே நின்றேன். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர், மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு என்று இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் நான்கு கலவை ஒழுங்காகப் போனது. கெட்டியான கலவையைத் தூக்கிப் பரப்புவது இடுப்பை ஒடிக்கும் வேலை. ஐந்தாவது கலவையில் தண்ணீர் ஊற்றுகிறவர் அளக்காமலே இன்னொரு வாளியைச் சாய்க்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏன் கூடாது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகும்போது கான்கிரீட்டுக்குள் நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. வலிமை குறைகிறது, கம்பிக்கு ஈரம் இறங்கித் துருப்பிடிக்கவும் வழி திறக்கிறது. கூலி ஒப்பந்தத்தில் அந்த வாளியைத் தடுக்க வேண்டிய ஆள் நாமேதான். கம்பி வந்து இறங்கினால் எடையைச் சரிபார்ப்பதும் நாம்தான். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும், 12 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 0.89 கிலோ. வேலைக்குப் போகிறவர்கள் இத்தனையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தினமும் சைட்டில் நிற்க வீட்டில் ஒருவர் இல்லையென்றால் இந்த முறை வேண்டாம்.

பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது அடுத்தது. அலைச்சல் இல்லை, மொத்தச் செலவு முன்கூட்டியே தெரியும். ஆனால் இங்கே லாபம், போடாமல் விட்ட பொருளில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் டைல்ஸில் யாரும் கை வைக்க மாட்டார்கள். மூடிவிட்டால் தெரியாத கம்பி, சுவருக்குள் போகும் ஒயர், குளியலறைத் தரைக்கு அடியில் பூசும் நீர்க்காப்பு ஆகியவற்றில்தான் குறையும்.

அதைவிடப் பெரிய குழப்பம், எதைச் சதுர அடி என்கிறார்கள் என்பது. ஒருவர் பால்கனியை முழுசாகக் கணக்கில் சேர்ப்பார், இன்னொருவர் பாதி சேர்ப்பார். படிக்கட்டின் மேல் கூரை, சன்ஷேடு, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர் எல்லாம் ஒருவரிடம் உள்ளே, மற்றவரிடம் வெளியே. விலை குறைவாகச் சொன்னவரிடம் இவற்றைக் கூட்டிப் பார்த்தால் சில சமயம் அவரே அதிகம். அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் வரை இந்த விலையில் அடங்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பொருள் பட்டியலில் ‘முதல் தரம்’ என்று மட்டும் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. கம்பெனி பெயர், ரகம், கனம் மூன்றும் வேண்டும். ‘அல்லது அதற்கு இணையானது’ என்று ஒரு வரி இருந்தால், இணையானது எது என்று முடிவு செய்வது நாம்தான் என்று பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கம்பெனி என்றால் வரைபடம், கால அட்டவணை, பேசுவதற்கு ஒரு ஆள் எல்லாம் உண்டு. வெளியூரில் இருப்பவர்களுக்கு இது உண்மையிலேயே உதவி. ஆனால் கையெழுத்துப் போட்டவர் சைட்டுக்கு வரமாட்டார். வேலை பல நேரம் துணை ஒப்பந்தக்காரரிடம்தான் போகும். ஜன்னலை ஒரு அடி தள்ளிவைக்கச் சொன்னாலும் ‘கூடுதல் வேலை’ என்று பில் வரலாம். நமக்கென்று வரும் சைட் இன்ஜினியர் யார், அவர் கையில் இப்போது எத்தனை வீடுகள் என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் நான்காவதாக ஒரு வழியைச் சொல்வேன். சிறிய கான்ட்ராக்டரிடம் வேலை வாரியாக, அளவெடுத்துப் பணம் தருவது. மேற்பார்வைக்கு நம் பணத்தில் தனியாக ஒரு இன்ஜினியர். கான்கிரீட்டுக்குக் கன அளவு, பூச்சுக்குப் பரப்பளவு. அஸ்திவாரம் ஆழமாகப் போனால் அந்த ஆழத்துக்கு மட்டும் கூடும், யாருக்கும் மனக்கசப்பு இல்லை. இதிலும் அளவை ஏற்றி எழுதும் ஆபத்து உண்டு. அதனால் முடிந்த வேலையின் அளவை எழுதும் அளவுப் புத்தகத்தில் கான்ட்ராக்டரும் நம் இன்ஜினியரும் அன்றன்றைக்கே கையெழுத்திட வேண்டும், கம்பியை இன்ஜினியர் பார்க்காமல் கான்கிரீட் விழக்கூடாது. மேற்பார்வைக் கூலி வீண் செலவு என்று நினைப்பவர்களிடம் நான் விடாமல் வாதாடுவேன்.

ஆளைப் பார்க்க அவர் அலுவலகத்துக்குப் போக வேண்டாம். வேலை நடக்கிற சைட்டுக்குச் சொல்லாமல் போங்கள். சிமெண்ட் மூட்டைகள் பலகை மேல் அடுக்கியிருக்கின்றனவா, ஈரத்தரையிலேயே கிடக்கின்றனவா? கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக் அதன் அடியில் இருக்கிறதா, கையில் கிடைத்த ஜல்லியைச் செருகியிருக்கிறார்களா? போன வாரம் போட்ட கான்கிரீட் இன்னும் ஈரமாக இருக்கிறதா? சாதாரண சிமெண்டுக்கு (OPC) குறைந்தது 7 நாள், கலப்பு சிமெண்டுக்கு (PPC போன்றவை) 10 நாள் தண்ணீர் விட வேண்டும். காய்ந்து வெளுத்துக் கிடந்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம். பிறகு, அவர் இரண்டு மூன்று வருடம் முன்னால் முடித்த ஒரு வீடு. குளியலறையின் வெளிப்பக்கச் சுவரில் ஈரக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வீட்டுக்காரரிடம், பேசிய தொகை எவ்வளவு, கடைசியில் ஆனது எவ்வளவு என்று கேளுங்கள்.

பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தான் போக வேண்டும், முன்னால் ஓடக்கூடாது. முடிந்த கட்டத்துக்கு மட்டும் கொடுத்து, ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதத்தைப் பிடித்துவைத்து, குடிபோன பின் ஒரு மழைக்காலம் கடந்ததும் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எங்கள் மேஸ்திரி முதலில் முகம் சுளித்தார், பிறகு ஒப்புக்கொண்டார். முதல் பெருமழையில் மாடிப்படி ஓரத்தில் ஒழுகியபோது, சொன்ன மறுநாளே ஆளோடு வந்து நின்றார்.