வாளா, வயலா? ஷோகன் 2-இல் எதை முதலில் கற்பது

ஜப்பானியக் குலங்களின் போரைப் பற்றிய கணினி விளையாட்டான டோட்டல் வார்: ஷோகன் 2 ஆட உட்கார்ந்தால் முதல் டர்னிலேயே ஒரு கேள்வி வந்து நிற்கும். 1545, வசந்த காலம். கையில் மாகாணம் ஒன்றோ இரண்டோ, சின்னதாக ஒரு படை, கொஞ்சம் கோகு (ஆட்டத்தில் அதுதான் பணம்). 'கலைகள்' பக்கத்தைத் திறந்தால் இரண்டு கிளைகள். ஒன்று புஷிடோ: வில், ஈட்டி, வாள், குதிரை, முற்றுகை, வெடிமருந்து எல்லாம் அங்கே. மற்றது சி. (தமிழில் எழுதும்போது யாரையோ திட்டுவதுபோல் இருக்கிறது, என்ன செய்ய?) வயல், வரி, வணிகம், கோயில், தேநீர்ச் சடங்கு எல்லாம் இந்தப் பக்கம். ஒரு நேரத்தில் ஒரு கலையைத்தான் கற்க முடியும். அதற்கே பல டர்ன் போய்விடும். பருவத்துக்கு ஒன்று என்று வருஷத்துக்கு நாலே டர்ன்.

என் முதல் மூன்று ஆட்டமும் புஷிடோவில்தான் தொடங்கின. சாமுராய் விளையாட்டை வாங்கிவிட்டு யாராவது வரிச் சீர்திருத்தம் படிப்பார்களா?

மூன்றிலும் ஒரே இடத்தில்தான் சிக்கினேன். சோசோகாபே குலத்தோடு தோசாவில் தொடங்கி, வில்லும் வாளும் கற்று முடித்து, நல்ல படை எடுக்கலாம் என்று கோட்டையைத் திறந்து பார்க்கிறேன். கட்டடத்துக்கு இருந்த ஒரே காலி இடத்தில் ஏற்கெனவே சந்தை நிற்கிறது. கலை கைவந்துவிட்டது, ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சிக்கூடம் இல்லை. இடம் வேண்டுமானால் கோட்டையைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு அளவு உணவு கூடுதலாகப் போகும். சந்தையை உயர்த்தினாலும் அப்படியே. உணவு பற்றாக்குறைக்குப் போய்விட்டால் மக்கள் முகம் சிவக்கும், அப்புறம் கலகம். உணவு எங்கிருந்து வரும்? வயலிலிருந்து. வயலைச் செழிக்க வைக்கும் கலைகள் இருப்பது சி பக்கத்தில். வாளில் தொடங்கிய கணக்கு நெல்லில் வந்து முடிகிறது.

இந்தச் சங்கிலி புரிய எனக்கு ஏறக்குறைய நாற்பது மணி நேரம் ஆனது. புஷிடோ கலை ஒன்று தனியாக நின்று பயன் தருவது குறைவு. கூடம், கூடத்துக்கு இடம், இடத்துக்குக் கோட்டை, கோட்டைக்கு நெல், சில சமயம் இரும்போ குதிரையோ கல்லோ என்று அது மற்றவற்றை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். சி கலைகளில் பல அப்படியில்லை. கற்று முடித்த அடுத்த பருவமே கஜானாவில் தெரியும். கடைசி டர்ன்வரை தெரிந்துகொண்டே இருக்கும்.

சி கிளைக்குள்ளும் எல்லாம் ஒரே தரம் இல்லை. இங்கே நான் வயல் கட்சி. வணிக ஒப்பந்தங்களால் கொழுத்த கஜானா பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் புகழ் ஓர் அளவைத் தாண்டியதும் ரெல்ம் டிவைட் வரும். ஷோகன் உங்களை எதிரி என்று அறிவிக்க, நேற்றுவரை பட்டு வாங்கிய குலமெல்லாம் ஒவ்வொன்றாகப் போர் தொடுக்கும். ஒரு ஆட்டத்தில் நாலைந்து டர்னுக்குள் என் வணிக வருமானம் முழுக்க வற்றி, கணக்கு சிவப்பில் போய், வேறு வழியில்லாமல் படைகளைக் கலைத்தேன். வயல் வருமானத்தை அப்படி யாரும் ஒரே நாளில் பறிக்க முடியாது. மாகாணத்தைப் பிடித்தால்தான் உண்டு.

தேநீர், கவிதை போன்றவற்றைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. உங்கள் தளபதி கவிஞன் என்ற திறமையை வளர்த்தால் குலம் முழுவதும் கலைகளை வேகமாகக் கற்கும் என்பது முதலில் எனக்கும் கேலியாகத்தான் பட்டது. ஆனால் 1600-இல் தனாபே கோட்டையில் நடந்ததைப் படித்தபின் வாயை மூடிக்கொண்டேன். ஹொசோகாவா யூசாய் சுமார் ஐந்நூறு பேரோடு உள்ளே, வெளியே பதினைந்தாயிரம் பேர். மனிதர் வாள்வீரர் மட்டுமல்ல, பழைய அரசவைக் கவிதை மரபின் ரகசியப் பாடங்களைக் கற்றுவைத்திருந்தவர். அவர் செத்தால் அந்தக் கல்வியும் போய்விடும் என்று பேரரசர் கோ-யோசெய் தலையிட்டு முற்றுகையை முடித்துவைத்தார். அந்தப் பதினைந்தாயிரம் பேர் அங்கேயே கட்டுண்டு கிடந்ததில் ஜப்பானை ஆளப்போவது யார் என்று தீர்மானித்த செகிகஹாரா போரும் அவர்களுக்குத் தவறிப்போனது. எந்த வாள் கலையில் இந்த போனஸ் கிடைக்கும்?

அதற்காகப் புஷிடோவைத் தொடாதே என்று சொல்லவில்லை. ஓடா குலத்தை எடுத்தால் அவர்களின் ஒவாரி மாகாணம் நாலாபக்கமும் திறந்து கிடக்கும். முதல் பத்து டர்ன் உயிர் பிழைப்பதே பெரும்பாடு. அங்கே உட்கார்ந்து தேநீர் ஆற்ற முடியாது. சிமாசு குலம் தெற்கு மூலையில் முதுகைக் கடலுக்குக் காட்டி நிற்கிறது, வாள்வீரர்களும் அவர்களுக்கு இயல்பாகவே நன்றாக வருகிறார்கள். அவசரமில்லை, முதலில் சி எடுக்கலாம். தக்கேதாவுக்குக் குதிரை. அதற்குமேல் பேசுவதற்கு ஒன்றுமில்லை. என் வழக்கம் இப்போது இதுதான்: குலத்தின் பலம் எதுவோ அதற்கான ஒரே ஒரு புஷிடோ கலை, பிறகு நீண்ட காலம் சி, ரெல்ம் டிவைட் நெருங்குகிறது என்று தெரியும்போது மறுபடி புஷிடோ. ஒரு சின்ன எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 'புஷிடோ' என்ற சொல்லே பரவலானது பிற்காலத்தில்தான். 1545-இல் யாரும் அந்தப் பெயரில் பாடம் படித்திருக்க மாட்டார்கள்.

துப்பாக்கிக் கதை தனி. மேட்ச்லாக் அஷிகாருவை, அதாவது திரித் துப்பாக்கி ஏந்திய காலாட்களைப் பெற இரண்டு வழி. ஒன்று, புஷிடோ கிளையில் வெடிமருந்துக் கலைவரை படித்துப்போவது. இரண்டு, நன்பான் வணிகத் துறைமுகம் கட்டி போர்த்துக்கீசியரை உள்ளே விடுவது. முதலாவது மெதுவானது, ஆனால் வீட்டில் சண்டை வராது. இரண்டாவது சீக்கிரம் கிடைக்கும், கூடவே கிறிஸ்தவமும் இறங்கும். நீங்கள் பௌத்தராகவே இருந்தால் அந்த மாகாணம் புகையத் தொடங்கும்.

நான் துறைமுகத்தின் பக்கம். வரலாறும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. 1543-இல் தனேகாஷிமா தீவின் தலைவர் தொகிதாகா போர்த்துக்கீசியரிடம் இரண்டு துப்பாக்கிகள் வாங்கினார். உள்ளூர்க் கொல்லர்கள் குழாயை அடித்துவிட்டார்கள். அடிப்பக்கத்தை மூடும் திருகின் மரைதான் பிடிபடவில்லை. மறுபடி கப்பலில் வந்த ஒரு கொல்லனிடம்தான் அதைக் கற்க வேண்டியிருந்தது. கற்றபிறகு வேகத்துக்குக் குறைவில்லை, சகாயும் குனிதோமோவும் துப்பாக்கி ஊர்களாகவே ஆயின. ஆனால் வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டுமே? கந்தகம் ஜப்பானில் கொட்டிக் கிடந்தது. வெடியுப்பு பெரும்பாலும் கப்பலில்தான் வந்தது. துறைமுகம் இல்லாதவனுக்குத் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். இந்தப் பாதியை ஆட்டம் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒருமுறை கற்றுவிட்டால் மருந்து தானாக வந்துவிடுகிறது. உணவை அவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டவர்கள் இதை ஏன் விட்டார்களோ.

சரி, கிடைத்த துப்பாக்கி களத்தில் எப்படி? முதல் சண்டையில் வழக்கம்போல யாரி ஈட்டிக்காரர்களை முன்னால் நிறுத்தி, மேட்ச்லாக்கை வில்லாளிகளின் இடத்தில் பின்னால் வைத்தேன். எதிரி வந்து மோதினான். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. கேமராவை இறக்கிப் பார்த்தால் அத்தனை பேரும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்து நிற்கிறார்கள். அம்பு தலைக்குமேல் வளைந்து போகும், குண்டு போகாது. வில்லை விட எட்டும் தூரமும் குறைவு. ஆனால் அதே ஆட்களைக் கோட்டை மதிலில் ஏற்றிவிடுங்கள். ஏறி வருகிறவர்கள் கொத்துக் கொத்தாக விழுவார்கள். திறந்த வெளியில் எனக்கு இன்றும் வில்தான், மதிலில் மட்டும் துப்பாக்கி.

2012-இல் இதன் விரிவாக்கமாக வந்த ஃபால் ஆஃப் த சாமுராயில் கதை 1864-க்கு நகர்ந்துவிடுகிறது. ஒரு வருஷத்துக்கு 24 டர்ன், ரயில், கேட்லிங் துப்பாக்கி எல்லாம் உண்டு. அங்கே குலத்தை நவீனமாக்கினாலே மக்கள் அதிருப்தி ஏறும். கற்பதற்கு விலை உண்டு என்பதை அது நேராகவே சொல்கிறது. மூல ஆட்டத்தில் அந்த விலை நன்பான் துறைமுகத்தில் மட்டும்தான் தெரியும்.

இப்போது ஓட்டோமோவோடு ஆடுகிறேன். தனியாக வாங்க வேண்டிய குலம். தொடக்கத்திலேயே கிறிஸ்தவர்கள், துப்பாக்கியும் முதலிலிருந்தே உண்டு. நிஜ ஓட்டோமோ சோரின் யேசு சபையினருக்குக் கடிதம் எழுதி வெடியுப்பு கேட்டவர். 1578-இல் ஞானஸ்நானம் பெற்றார், அதே ஆண்டு சிமாசுவிடம் மோசமாகத் தோற்றார். என் ஆட்டத்தில் இப்போது 1552, குளிர்காலம். மதில் நிறையத் துப்பாக்கிகள் இருக்கின்றன, பிடித்த இரண்டு பௌத்த மாகாணங்களும் கொதிக்கின்றன, உணவு சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிறது. கலைகள் பக்கத்தில் வயலைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். முடிய இன்னும் ஐந்து டர்ன் இருக்கிறது, சிமாசு படை எல்லைக்கு வந்துவிட்டது.