கரையும் உரமா, மூட்டை உரமா, மாட்டெருவா: வன்னித் தோட்டத்துக்கு எது?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உரக்கடைகளில் 19:19:19, 13:0:45, 12:61:0 என்று எண் போட்ட பொடி உரங்களைக் காண்கிறோம். எண்கள் முறையே நைதரசன், பொசுபேற்று, பொற்றாஷ் ஆகியவற்றின் நூற்றுவீதம். விளைச்சல் கூடும் என்று சொல்லி விற்றால் சரி. 'மண்ணை வளமாக்கும்' என்று சொல்லி விற்கும்போதுதான் உறுத்துகிறது. நீரில் கரையும் உரம் பயிருக்குச் சாப்பாடு. மண்ணைத் திருத்துகிற வேலை அதனுடையதல்ல.

முதலில் கணக்கு. 25 கிலோ 19:19:19 பொதியில் நைதரசன், பொசுபேற்று, பொற்றாஷ் மூன்றும் தலா 4.75 கிலோ. இதே அளவை வழக்கமான மூட்டை உரங்களான யூரியாவிலும் (நைதரசன்) ரி.எஸ்.பி.யிலும் (பொசுபேற்று) ஏறக்குறைய பத்தரைக் கிலோ வீதமும், எம்.ஓ.பி.யில் (பொற்றாஷ்) எட்டுக் கிலோவுமாக எடுத்துவிடலாம். மொத்தம் 29 கிலோ. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை, விலையில்தான் இடைவெளி. அந்தக் கூடுதல் காசுக்குக் கிடைப்பது கூடுதல் சத்து அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக, வேண்டிய நாளில், வேரடியில் கொடுக்கிற வசதிதான். அந்த வசதியைப் பயன்படுத்த முடியாதவர் ஏன் அதற்குக் காசு கொடுக்கவேண்டும்?

வயலுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று எந்தக் குளத்துத் தண்ணீரில் விதைத்தாலும், தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலில் நைத்திரேற்று வடிவ நைதரசன் வாயுவாகிப் போய்விடும். 13:0:45 இல் உள்ள நைதரசன் முழுவதும் அந்த வடிவம்தான். காலபோகமோ சிறுபோகமோ, யூரியாவைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் போடுவதே நெல்லுக்குப் பொருத்தம்.

சொட்டுநீர்க் குழாய் போட்ட மேட்டுநிலத் தோட்டம் என்றால் கதை மாறுகிறது. மிளகாய், பப்பாசி, தக்காளிக்குக் கரையும் உரம்தான் என் தெரிவு. கோடை வெயிலில் ஈரமண்ணின் மேல் வீசிய யூரியாவில் ஒரு பங்கு அமோனியாவாகப் பறந்துவிடும். மாரி மழையில் இன்னொரு பங்கு வேருக்குக் கீழே கழுவிப் போகும். குழாய்வழி வாரம் ஒருமுறை சிறிய அளவில் கொடுத்தால் இரண்டு இழப்பும் குறைகிறது. பூக்கும்வரை 19:19:19, காய் பிடித்ததும் 13:0:45 என்று பருவத்துக்கேற்ப மாற்றவும் முடிகிறது. வாய்க்கால் கட்டி இறைப்பவருக்கு இந்த நன்மை வராது. உரம் தண்ணீரோடு வேரைத் தாண்டி ஓடிவிடும்.

சொட்டுநீர் இருந்தாலும் எல்லாவற்றையும் பொடியாக வாங்கத் தேவையில்லை. பொசுபரசு மண்ணில் அதிகம் நகராது. ஆகவே நடுவதற்கு முன் அடியுரமாக ரி.எஸ்.பி. போட்டால் போதும். எம்.ஓ.பி.யும் நீரில் கரையும், ஆனால் அதில் உவரைக் கூட்டும் குளோரைட்டு உண்டு. பூநகரி போல உவர் ஏறிய கிணறுகள் உள்ள இடங்களில் குளோரைட்டு இல்லாத 13:0:45 அல்லது 0:0:50 நல்லது. இலையில் தெளிப்பது (16 லீற்றர் தாங்கிக்கு 80 கிராம், பின்னேரத்தில்) அவசரத்துக்கு உதவும். பயிரின் முழுத் தேவையையும் இலைவழி ஊட்ட முடியாது.

மண்ணுக்கு வருவோம். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் இறுகிவிடும், சேதனப் பொருளும் குறைவு. அதை மாற்றுவது மாட்டெருவும் கிளிசரியாக் குழையும் மடக்கி உழுத சணலும்தான். பட்டி மாடுகள் உள்ள ஊர்களில் எருவைத் தேடி அலையவும் வேண்டாம். அதற்காக எரு மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். நூறு கிலோ எருவில் நைதரசன் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரைதான், அதுவும் மெதுவாகவே கிடைக்கும். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு, சேதன உரத்தை மட்டும் நம்பவேண்டி வந்து, அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை நீக்கப்பட்டதை எந்த விவசாயியும் மறக்கமாட்டார். எருவை அடியில் போட்டு, அதன்மேல் கரையும் உரத்தைக் கொடுப்பதே என் தீர்ப்பு. எரு இல்லாத மண்ணில் கொட்டும் பொடியில் ஒரு பங்கு அடுத்த மழையோடு போய்விடும்.

வாங்குமுன் கிணற்றுத் தண்ணீரைப் பாருங்கள். வவுனியா, முருங்கன் பக்கத்தில் பல கிணறுகளில் கல்சியம் அதிகம். பொசுபேற்று உள்ள உரம் அதில் சேர்ந்தால் வெள்ளையாகப் படிந்து குழாய்த் துளைகளை அடைக்கும். கல்சியம் நைத்திரேற்றையும் 12:61:0 ஐயும் ஒரே தாங்கியில் கலந்தாலும் இதே கதிதான். தெளிவான போத்தலில் உங்கள் தண்ணீரை எடுத்து, கொடுக்கப்போகும் அதே விகிதத்தில் உரத்தைக் கலந்து இரண்டு மணிநேரம் வையுங்கள். கலங்கினாலோ அடியில் படிந்தாலோ அந்த உரத்தைக் குழாயில் விடவேண்டாம்.